சென்னை தானுந்துப் பந்தயங்களில் சிறு மகிழுந்துகள்

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடைபெறும் தானுந்துப் பந்தயங்களில் சிறு மகிழுந்து (கார்) நிறுவனங்கள் மூன்று வகைகளில் இடம்பெற்று வந்துள்ளன. சாலையில் ஓடும் மகிழுந்தே சில மாற்றங்களுடன் பந்தயத்தில் கலந்துகொள்வது முதல் வகை. மகிழுந்தின் இயந்திரம் மட்டும் தனியாக வடிவமைக்கப்பட்ட பந்தய வண்டி ஒன்றில் பொருத்தப்படுவது இரண்டாம் வகை. நிறுவனமே தன் பெயரில் போட்டித் தொடர் ஒன்றை நடத்துவது மூன்றாம் வகை. சோழவரத்தில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பார்முலா மாருதி, வோல்க்ஸ்வேகன் போலோ கோப்பை ஆகியன முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த தெருப் பந்தயம், இந்த வரலாற்றின் அண்மைய கட்டமாகும். அதில் ஓடிய எல்ஜிபி பார்முலா 4 வண்டிகளில் மாருதி சுசுக்கியின் இயந்திரம் இருந்தது. ஆனால் அவ்வண்டியின் பெயரில் மாருதி என்னும் சொல் இல்லை. சிறு மகிழுந்து பந்தயத்தில் எந்த வடிவில் இடம்பெறுகிறது என்பது விளம்பரம் சார்ந்த செய்தி மட்டுமன்று. ஓர் இளைஞர் எவ்வளவு செலவில் பந்தயத்தில் நுழையலாம் என்பதையும் அதுவே பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது.

பின்னணி

ராயபுரம், கல்மண்டபம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதி இந்தியத் தானுந்துத் தொழிலின் தொடக்க இடங்களுள் ஒன்று. 1948 இல் ரகுநந்தன் சரண் தம் மகனின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் இருந்த அதன் ஆலையில் 1949 முதல் இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 மகிழுந்துகள் உதிரிப் பாகங்களிலிருந்து ஒன்றுசேர்க்கப்பட்டன. பின்னர் இந்நிறுவனம் சரக்குந்துகளின் பக்கம் திரும்பி, 1955 இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. அதனால் எண்ணூரின் மகிழுந்துக் காலம் குறுகியதாகவே அமைந்தது.

இதே பகுதியில் உள்ள திருவொற்றியூரில் 1946 இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது பிற்காலத்தில் எம்ஆர்எப் என்னும் வட்டகை (டயர்) நிறுவனமாக வளர்ந்து, இந்தியத் தானுந்து விளையாட்டின் முதன்மைப் புரவலர்களுள் ஒன்றானது. 1955 இல் உருவான என்பீல்டு இந்தியா நிறுவனமும் திருவொற்றியூரிலேயே புல்லட் விசையுந்துகளைத் தயாரித்தது.

1950களில் இந்திய அரசு வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேறின. மகிழுந்துத் துறையில் கொல்கத்தா அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ், மும்பையில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு என மூன்று நிறுவனங்களே முதன்மையாக எஞ்சின. பந்தயத்தில் ஆர்வம் உள்ளவர்களும் இவற்றின் வண்டிகளைக் கொண்டே பந்தயம் நடத்த வேண்டியதாயிற்று.

சோழவரம் ஓடுபாதை

சென்னையின் வடமேற்கே, செங்குன்றத்தைத் தாண்டிப் பெருவழிச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கு வானூர்தி ஓடுபாதை ஒன்று இருந்தது. போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த அப்பாதையில் 1950கள் முதல் 1980களின் இறுதி வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் மகிழுந்து, விசையுந்துப் பந்தயங்களை நடத்தியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஓட்டுநர்கள் இங்கு வந்தனர்.

ஓடுபாதை வானூர்திக்காக அமைக்கப்பட்டது, பந்தயத்திற்காக அன்று. எனவே நீண்ட நேர்க்கோடுகளும், அவற்றின் முனைகளில் கூர்மையான திருப்பங்களுமே அதில் கிடைத்தன. நேர்க்கோட்டில் ஆற்றல் மிக்க இயந்திரம் கொண்ட வண்டி முந்தும். திருப்பத்தில் எடை குறைந்த வண்டி ஈடுகொடுக்கும். இதனால் இறக்குமதி செய்யப்பட்ட விலை உயர்ந்த வண்டிகளுடன் உள்ளூர்ச் சிறு மகிழுந்துகளும் ஒரே நாள் நிகழ்ச்சியில், தத்தம் பிரிவுகளில் இடம்பெற முடிந்தது. 1980களில் தொழிலதிபர் விஜய் மல்லையா, பார்முலா 1 போட்டிகளில் முன்னர் பயன்பட்ட என்சைன் வண்டி ஒன்றைச் சோழவரத்தில் ஓட்டினார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு

சென்னையின் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஆலையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்தின் இந்திய வடிவம் ஆகும். இதன் இயந்திரம் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பந்தயப் பிரியர்களை ஈர்த்த கூறுகள் சில இதில் இருந்தன:

• உடற்கூடும் அடிச்சட்டமும் தனித்தனியானவை. எனவே உடற்கூட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் எடை குறைந்த வேறு உடற்கூட்டை அமைக்க இயலும்.
• முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். இயந்திரத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எளிதில் அணுகலாம்.
• நான்கு சக்கரங்களும் தனித்தனித் தொங்கமைப்பு உடையவை. வண்டியின் திரும்பு வட்டமும் மிகச் சிறியது.

இதன் பின்சக்கர அமைப்பில் குறை ஒன்றும் இருந்தது. வேகமாகத் திரும்பும்போது பின்சக்கரம் உட்பக்கமாகச் சாய்ந்து பிடிப்பை இழக்கக்கூடும். எனவே திருப்பத்தின் நடுவில் திடீரென வேகத்தைக் குறைப்பதை ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டியிருந்தது. 1972 இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இவ்வமைப்பு கைவிடப்பட்டுத் திடமான பின்னச்சு பொருத்தப்பட்டது. ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் மகிழுந்துத் தயாரிப்பு 1980களின் இறுதியில் முற்றிலும் நின்றது.

அக்காலத்தில் சோழவரத்தில் ஓடிய ஹெரால்டுகளும் பிரீமியரின் பியட் வண்டிகளும் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தமானவை. அவற்றைச் செப்பனிட்டவர்கள் உள்ளூர்ப் பணிமனைகளின் கம்மியர்கள். வாங்கக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்த காலத்தில், மகிழுந்தை விற்பதற்குப் பந்தய வெற்றி தேவைப்படவில்லை. ஆகவே நிறுவனத்தின் பெயர் பந்தயத்தில் இருந்தது. நிறுவனத்தின் முதலீடு அந்த அளவுக்கு இல்லை எனலாம்.

பார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. இதன் 796 கன சென்டிமீட்டர் இயந்திரம் மூன்று உருளைகளை (சிலிண்டர்களை) உடையது. 1980களின் இறுதியில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பந்தய ஓட்டுநரும் வடிவமைப்பாளருமான சு. கரிவர்தன், இவ்வியந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். ஒரே வடிவில் பல வண்டிகள் கட்டப்பட்டு, அவற்றுக்கெனத் தனிப் போட்டித் தொடரும் நடந்தது. அதுவே பார்முலா மாருதி எனப்பட்டது.

தொழில்நுட்பம்

மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. அதில் இயந்திரம், பற்சக்கரப் பெட்டி (கியர் பெட்டி), சக்கரங்களுக்கு ஆற்றலைப் பகிரும் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக வண்டியின் முன்புறம் குறுக்காக அமைந்துள்ளன. இத்தொகுதியை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரங்களை இயக்கிய தண்டுகள் பின்சக்கரங்களை இயக்கும். நடுவில் இயந்திரம், பின்சக்கர இயக்கம் என்னும் பந்தய வண்டிக்குரிய அமைப்பு இவ்வாறு கிடைத்துவிடுகிறது. இதற்கெனத் தனிப் பற்சக்கரப் பெட்டியைச் செய்யவோ வெளிநாட்டிலிருந்து தருவிக்கவோ வேண்டியதில்லை. ஹெரால்டு, பியட், அம்பாசடர் ஆகியவற்றில் இயந்திரம் முன்னும் இயக்கச் சக்கரங்கள் பின்னும் இருந்தமையால் இவ்வழி அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இயந்திரத்தின் ஆற்றல் குறைவு என்பதும் கற்போருக்குப் பயனளித்தது. ஆற்றல் மிகுந்த வண்டியில், திருப்பத்தில் இழந்த வேகத்தை நேர்க்கோட்டில் மீட்டுக்கொள்ளலாம். சிறிய இயந்திரத்தில் அவ்வாறு மீட்பது கடினம். எனவே வேகத்தை இழக்காமல் திருப்பத்தைக் கடக்கும் கலையை ஓட்டுநர் கற்றே ஆக வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே வகையானவை என்பதால் வேறுபாடு பெரும்பாலும் ஓட்டுநரின் திறமையில் வெளிப்பட்டது.

செலவுக் கணக்கு

பந்தயத்தில் வண்டியின் விலையைவிட, உடைந்தவற்றை மாற்றும் செலவே பலரையும் விலகச் செய்கிறது. பார்முலா மாருதியில் பழுதடைந்த இயந்திரப் பாகம், எந்த ஊரிலும் மாருதி உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் பொருளாகவே இருந்தது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கம்மியரும் உள்ளூரிலேயே இருந்தார். நாட்டில் மிகுதியாக விற்பனையான மகிழுந்து ஒன்றின் உதிரிப்பாக வலைப்பின்னல், பந்தய விளையாட்டுக்குத் தனிச் செலவின்றிக் கிடைத்தது. சிறு மகிழுந்து நிறுவனம் ஒன்று பந்தயத்திற்கு அளித்த பங்களிப்புகளுள் இதுவே பெரியது. நிறுவனம் திட்டமிட்டுச் செய்த பங்களிப்பும் அன்று இது. சாலைக்காகத் தயாரித்த பொருளின் எளிமையிலிருந்து விளைந்தது.

ஓட்டுநர்கள்

1990 இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரப் பந்தயத் தடத்தைத் திறந்தது. பார்முலா மாருதி தொடர் இங்கு வளர்ந்தது. இவ்வண்டியில் தொடங்கியவர்களுள் சிலர்:

• நரேன் கார்த்திகேயன்: சென்னையில் பிறந்து கோயம்புத்தூரில் வளர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் பார்முலா மாருதியில் ஓட்டினார். 1996 இல் பார்முலா ஆசியா வாகையர் ஆனார். 2005 இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெயரைப் பெற்றார்.
• கருண் சந்தோக்: சென்னையைச் சேர்ந்தவர். 2000 இல் பார்முலா மாருதி தேசிய வாகையர் பட்டத்தையும், 2001 இல் பார்முலா ஆசியா பட்டத்தையும் வென்றார். 2010 இல் பார்முலா 1 போட்டிகளில் ஓட்டினார்.
• அஜித் குமார்: திரைப்பட நடிகர். 2000களின் தொடக்கத்தில் பார்முலா மாருதியில் ஓட்டிய பின் ஆசிய, ஐரோப்பியத் தொடர்களிலும் கலந்துகொண்டார்.

பார்முலா 1 போட்டிகளில் இதுவரை ஓட்டிய இந்தியர் இருவரும் இச்சிறு மகிழுந்து இயந்திரத்தின் வழியே வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் இருவரும் அடுத்த படிக்கு வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. முதல் படியின் செலவைத்தான் பார்முலா மாருதி குறைத்தது. இரண்டாம் படியின் செலவை அதனால் குறைக்க இயலவில்லை. இருவருமே பந்தய ஈடுபாடுள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

கரிவர்தன் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவரது நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயர் பெற்றது.

எல்ஜிபி பார்முலா 4

கோயம்புத்தூரைச் சேர்ந்த எல்ஜிபி நிறுவனம் வாகனச் சங்கிலிகளைத் தயாரிப்பது. 2000களில் இதன் பெயரால் வெவ்வேறு மகிழுந்து இயந்திரங்களைக் கொண்ட ஒற்றை இருக்கை வண்டிகள் உருவாயின. இவற்றுள் நிலைத்தது எல்ஜிபி பார்முலா 4. இதில் மாருதி சுசுக்கியின் 1.3 லிட்டர் இயந்திரம் பயன்படுகிறது.

பார்முலா மாருதியின் கருத்தே இதிலும் தொடர்கிறது. ஒரு மாற்றம் மட்டும் பெயரில் நிகழ்ந்துள்ளது. முன்னர் இயந்திரம் தந்த நிறுவனம் தொடருக்குப் பெயராக இருந்தது. பின்னர் வண்டிக்கு ஆதரவளித்த நிறுவனமும், தொடருக்குப் புரவலரான வட்டகை நிறுவனமும் பெயரில் இடம்பெற்றன. மாருதி நிறுவனம் தன் பெயரை ரெய்டு டி ஹிமாலயா போன்ற நெடுந்தொலைவுப் போட்டிகளுடன் இணைத்துக்கொண்டது. எனினும் சென்னைத் தடத்தில் மாருதியின் எஸ்டீம் மகிழுந்துகள், சந்தையில் 2007 இல் நிறுத்தப்பட்ட பின்னரும், தனியார் ஓட்டுநர்களால் பல ஆண்டுகள் ஓட்டப்பட்டன.

நிறுவனக் கோப்பைகள்

2010 இல் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் இந்தியாவில் போலோ கோப்பையைத் தொடங்கியது. இவ்வகைப் போட்டியில் நிறுவனமே வண்டிகளைத் தயாரித்து, பராமரித்து, பந்தய நாளில் ஓட்டுநரிடம் அளிக்கிறது. ஓட்டுநர் கட்டணம் செலுத்தி ஓட்டுகிறார். டொயோட்டா நிறுவனமும் எத்தியோஸ் மகிழுந்துக்கு இத்தகைய தொடரை நடத்தியது.

இம்முறையில் ஓட்டுநருக்குத் தனிப் பணிமனை தேவையில்லை. வண்டிகள் சமமாக இருக்கும். பாதுகாப்புத் தரமும் உயர்ந்தது. ஆனால் தொடரின் ஆயுள் நிறுவனத்தின் விளம்பரத் திட்டத்தைச் சார்ந்தது. போலோ தொடர் முடிந்த பின் வென்டோ, அமியோ என நிறுவனம் விற்க விரும்பிய வண்டிக்கேற்பத் தொடரும் மாறியது. உள்ளூர்ப் பணிமனைகளும் அவற்றின் கம்மியர்களும் இம்முறையில் பெருமளவு விலக்கப்படுகின்றனர். ஒரு பந்தயத்தில் ஓட்டுநர் மட்டும் உருவாவதில்லை. வண்டியைச் சீரமைப்பவர்களும் உருவாகின்றனர் என்ற வகையில் இது ஓர் இழப்பாகும்.

பெயர் ஓரிடம், தயாரிப்பு ஓரிடம்

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்கு அண்மையிலேயே ஹூண்டாய் நிறுவனத்தின் மகிழுந்து ஆலை அமைந்துள்ளது. 1998 இல் சான்ட்ரோவுடன் விற்பனையைத் தொடங்கிய இவ்வாலையில் ஐ20 முதலான சிறு மகிழுந்துகள் தயாராகின்றன. இங்கிருந்து ஏற்றுமதியாகும் வண்டிகள், ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தின் வழியே கப்பலேறி வந்துள்ளன. எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகமும் மகிழுந்து ஏற்றுமதி வசதி உடையது. 1949 இல் இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு ஆஸ்டினை ஒன்றுசேர்த்த எண்ணூர், இன்று சிறு மகிழுந்துகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் துறையாக உள்ளது.

ஐ20 என்னும் பெயர் 2014 முதல் உலக ராலி வாகையர் போட்டியிலும் இடம்பெற்று வருகிறது. ஹூண்டாய் அணி 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. 2024 இல் அவ்வணியின் தியரி நூவில் ஓட்டுநர் பட்டம் வென்றார். ஆனால் அந்த ராலி வண்டிகளை உருவாக்கும் பணிமனை ஜெர்மனியின் ஆல்செனாவ் நகரில் உள்ளது. சென்னையில் தயாராகும் ஐ20 க்கும் ராலி ஐ20 க்கும் பெயரும் தோற்றமுமே பொதுவானவை. பந்தயத்தில் நிறுவனத்தின் புகழ் உலகளாவியதாக இருப்பினும், ஆலைக்கு அருகிலுள்ள பந்தயத் தடத்திற்கு அதனால் நேரடிப் பயன் விளைய வேண்டியதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

2024 சென்னைத் தெருப் பந்தயம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ரேசிங் புரமோஷன்ஸ் நிறுவனமும் இணைந்து இப்பந்தயத்தை 2023 டிசம்பரில் நடத்தத் திட்டமிட்டிருந்தன. மிக்ஜாம் புயலால் ஏற்பட்ட வெள்ளத்தை அடுத்து அது தள்ளிவைக்கப்பட்டது. பொதுப்பணம் செலவிடுவது, மருத்துவமனைகளுக்கு அருகே எழும் ஒலி, போக்குவரத்து இடையூறு ஆகியவற்றைச் சுட்டி சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதி வழங்கியது.

தீவுத்திடல், அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை இணைத்து 3.5 கிலோமீட்டர் நீளத் தடம் அமைக்கப்பட்டது. இரவில் மின்னொளியில் பந்தயங்கள் நடந்தன. சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் நகருக்கு வெளியே அமைந்தவை. இப்பந்தயமோ நகரின் நடுவே, ராயபுரம், கல்மண்டபம் பகுதிகளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே நடந்தது.

இதில் இந்தியன் ரேசிங் லீக், பார்முலா 4 இந்திய வாகையர் தொடர், எல்ஜிபி பார்முலா 4 ஆகிய மூன்று பிரிவுகள் இருந்தன. இவற்றுள் பின்னிரண்டை ஒப்பிடுவது பயனுள்ளது.

பார்முலா 4 இந்திய வாகையர் தொடர் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் ஏற்பு பெற்றது. அதன் வண்டி பிரான்சின் மைகேல் நிறுவனம் கட்டியது. இயந்திரம், ரெனோ குழுமத்தைச் சேர்ந்த அல்பைனின் பெயரைத் தாங்கிய 1.3 லிட்டர் டர்போ வகை. இதுவும் சாலை மகிழுந்து இயந்திரத்தின் வழிவந்ததே. எல்ஜிபி பார்முலா 4 இன் இயந்திரமும் 1.3 லிட்டர்தான், ஆனால் டர்போ இல்லாத, பழைய தலைமுறையைச் சேர்ந்த இயந்திரம். ஆகவே இரு பிரிவுகளுக்கும் அடிப்படை ஒன்றே: சாலை மகிழுந்தின் இயந்திரத்தைப் பந்தயத்திற்குப் பயன்படுத்துதல். வேறுபாடு, அதைச் சுற்றி அமைந்த வண்டியிலும், விலையிலும், பன்னாட்டு ஏற்பிலும் உள்ளது.

பன்னாட்டு ஏற்பு பெற்ற பார்முலா 4 தொடரில் வாகையர் ஆகும் ஓட்டுநருக்கு, பார்முலா 1 உரிமத்திற்குத் தேவையான 40 புள்ளிகளில் 12 வரை கிடைக்கும். எல்ஜிபி பார்முலா 4 இல் வெல்பவருக்கு அத்தகைய புள்ளி எதுவும் இல்லை. குறைந்த செலவில் ஓட்டும் வழி ஓரிடத்திலும், மேலே ஏறும் வழி மற்றோரிடத்திலும் அமைந்துள்ளன.

மதிப்பீடு

சிறு மகிழுந்து நிறுவனத்தின் இடத்தை அதன் சின்னம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு அளப்பது வழக்கம். சென்னைப் பந்தயங்களின் வரலாறு இவ்வளவுகோல் போதாது என்பதைக் காட்டுகிறது. ஹெரால்டை ஓட்டியவர்களுக்கு நிறுவனம் பெரிய அளவில் உதவாவிடினும், அவ்வண்டி அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தலைமுறைக்குப் பந்தயத்தைச் சாத்தியமாக்கியது. மாருதி 800 இயந்திரம் இரு பார்முலா 1 ஓட்டுநர்களின் முதற்படியாக அமைந்தது. நிறுவனப் பெயர் முழுமையாக ஒளிர்ந்த கோப்பைகளோ, விற்பனைத் திட்டம் மாறியவுடன் மாறின அல்லது நின்றன.

இவற்றிலிருந்து மூன்று கூறுகளைத் தொகுக்கலாம்:

• எளிதில் கிடைக்கும் உதிரிப்பாகம், விளம்பர ஆதரவைவிட நீண்ட காலம் பயன் தருகிறது.
• உள்ளூர்க் கம்மியர் பழுதுபார்க்கக்கூடிய வண்டியே பந்தயத் தொழில்நுட்ப அறிவை உள்ளூரில் பரப்புகிறது.
• குறைந்த செலவுத் தொடருக்கும் பன்னாட்டு ஏற்பு பெற்ற தொடருக்கும் இடையே தொடர்பு இல்லையெனில், முதற்படியில் வென்றவர் அங்கேயே நின்றுவிட நேர்கிறது.

மூன்றாவது கூறே இன்று முதன்மையான சிக்கல். எல்ஜிபி பார்முலா 4 இல் வெல்பவருக்கு அடுத்த ஆண்டு பார்முலா 4 இந்தியத் தொடரில் இடம் உறுதியாகக் கிடைக்கும் ஏற்பாடு, இத்தொடர்பை உண்டாக்கும் வழிகளுள் ஒன்றாக அமையும். அதற்கான பொருளுதவியைச் செய்ய வாய்ப்புள்ளவை, சென்னையைச் சுற்றி ஆலைகளையும் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களில் ஏற்றுமதி வசதியையும் கொண்டுள்ள மகிழுந்து நிறுவனங்களேயாகும். 2024 தெருப் பந்தயத்திற்கான செலவு குறித்து எழுந்த விவாதம் பெரும்பாலும் தடத்தையும் மின்விளக்குகளையும் பற்றியதாக இருந்தது. அத்தடத்தில் ஓடும் வாய்ப்பு யாருக்கு, எவ்வழியே கிடைக்கிறது என்னும் கேள்வியும் அதே அளவு கவனத்திற்குரியது.